அகமதாபாத் ஜாமா மசூதி: முற்றத்தோடு திரும்பிவிடாதீர்கள்

கல்மண்டபம் எழுதியது:

அகமதாபாத் போய்வந்த நம் ஊர்க்காரர்களிடம் ஜாமா மசூதியைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: முற்றம் மிகப் பெரியது, படம் எடுக்க நல்ல இடம். அத்தனை தூரம் போய், வாசலில் செருப்பைக் கழற்றி வைத்து உள்ளே நுழைந்தவர்கள், தொழுகைக் கூடத்துக்குள் பத்தடி நடக்காமல் திரும்பிவிடுகிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம். அதனால்தான் இந்த இழை. போகத் திட்டமிட்டிருப்பவர்கள் படித்துவிட்டுப் போகட்டும். போய்வந்தவர்கள் நான் விட்டதைச் சேர்க்கட்டும்.

சுல்தான் முதலாம் அகமது ஷா 1411-இல் சபர்மதிக் கரையில் நகரத்தை நிறுவினார். மசூதி 1424-இல் கட்டி முடிந்தது. பத்ரா கோட்டையிலிருந்து கிழக்கே வந்தால் தீன் தர்வாசா என்னும் மூன்று வளைவு வாயில், அதைத் தாண்டினால் மசூதி, மசூதிக்குக் கிழக்கே அகமது ஷாவின் கல்லறை, அதற்கும் அப்பால் அரசிகளின் கல்லறைகள் என்று எல்லாமே அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. இன்று அந்த வழி முழுவதும் கடைவீதி.

முற்றம் ஏறத்தாழ 75 மீட்டர் நீளம், 66 மீட்டர் அகலம். நடுவில் ஒளு செய்யும் குளம், அதாவது தொழுகைக்கு முன் கைகால், முகம் கழுவும் இடம். மூன்று பக்கமும் தூண் தாழ்வாரம், மேற்கே தொழுகைக் கூடம். எல்லாம் மஞ்சள் சாயல் கொண்ட மணற்கல்.

முகப்பின் நடுவில் உயரமான கூர்வளைவு. அதன் இருபுறமும் பருத்த அடிப்பாகத்தோடு நிற்பவை மினார்கள் என்னும் மசூதிக் கோபுரங்களின் மிச்சம். மேற்பாகம் 1819 நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டது. பலரும் இவற்றைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். கை எட்டும் தூரத்துக்குப் போய்ப் பாருங்கள். கோவிலின் அடித்தளமான அதிஷ்டானத்தில் நாம் பார்த்துப் பழகிய அதே படிப்படியான வரிகள், உருண்ட விளிம்புகள், ஆழமான பள்ளங்கள். அவற்றுக்கு மேலே தேவகோட்டம் போன்ற மாடம், மாடத்துக்கு மேலே சிறு கூரை. கோவில் என்றால் உள்ளே ஒரு தெய்வம் நிற்கும். இங்கே கொடியும் இலையும் பின்னிய செதுக்கல் இருக்கிறது. குஜராத் மசூதிகளில் சங்கிலியில் தொங்கும் விளக்கும் மணியும்கூட இப்படி மாடங்களில் வரும். உருவம் கூடாது என்றதும் அந்தச் சிற்பி உளியைக் கீழே வைத்துவிடவில்லை. மாடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே வேறொன்றைத் தேடியிருக்கிறான். அந்தத் தேடலை இவ்வளவு அருகில் பார்க்க முடிகிற இடம் அதிகமில்லை.

அடுத்து, நடு வளைவுக்கு நேர் எதிரே நின்று உள்ளே பாருங்கள். வெளியே இருப்பது பாரசீக வழியில் வந்த பெரிய வளைவு. அதன் நிழலுக்குள், இரண்டு மெல்லிய தூண்களுக்கு இடையே, அலை அலையான விளிம்போடு இன்னொரு சிறிய வளைவு தெரியும். அது குஜராத் கோவில்களின் தோரணம். அகமதாபாத்திலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மோதேரா சூரியன் கோவிலில், 11-ஆம் நூற்றாண்டில், இதே தோரணங்களைத் தூண்களுக்கு நடுவே வைத்திருக்கிறார்கள். இரண்டு வளைவும் ஒரே பார்வையில், ஒன்றுக்குள் ஒன்றாக விழுகின்றன. 

இனி உள்ளே. 260 தூண்கள், 15 பெரிய குவிமாடங்கள். நடுப்பகுதி மூன்று தளம் உயர்கிறது, அதன் இரு பக்கமும் இரண்டு தளம், கடைசி ஓரங்கள் ஒரே தளம். நடுக் குவிமாடத்துக்குக் கீழே போய் அண்ணாந்து பாருங்கள். மேல் தளங்களில் சுற்றிலும் உப்பரிகைகள், அவற்றின் விளிம்பில் சாய்ந்து உட்காரும் கல் இருக்கைகள், வெளிப்பக்கம் கல்லில் குடைந்த பின்னல் சாளரங்கள். கூரையில் ஓட்டை எதுவும் இல்லாமலே வெளிச்சம் இறங்குகிறது. குஜராத் வெயில் உள்ளே விழுவதில்லை, மழை சாரலாகக்கூட நுழைவதில்லை, காற்று மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. வெளியே கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றவர் உள்ளே வந்து இரண்டு நிமிடம் நின்றால்தான் கண் பழகும். அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுக்காமல் திரும்புகிறவர்களுக்குத்தான் உள்ளே வெறும் இருட்டும் தூணும் தெரிகின்றன.

---

நெடும்பயணி எழுதியது:

ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நானும் போயிருக்கிறேன். மதுரையும் ராமேசுவரமும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தத் தூண்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் வேறுபாடு தேடிச் சலித்துப் போனேன். செதுக்கல்தான் வேண்டும் என்றால் நகரத்துக்கு வெளியே அடாலஜ் படிக்கிணறு இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது, ஐந்து தளம் கீழே இறங்குகிறது, ஒவ்வொரு தளத்திலும் நின்று பார்க்க ஏதாவது இருக்கிறது. ஒரே நாள் கையில் இருப்பவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

---

கல்மண்டபம் எழுதியது:

நெடும்பயணி, அடாலஜைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. அது தனி அழகு. ஆனால் தூணுக்குத் தூண் வேறுபாடு தேடியதுதான் சிக்கல். மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் ஒவ்வொரு தூணும் தனியாக நின்று நம்மைக் கூப்பிடும். ஒன்றில் கண்ணப்பன், ஒன்றில் குறவன், ஒன்றில் யாளி. தொழுகைக் கூடத்தில் அப்படி ஒரு தூண் கூப்பிட்டால் அது பிழை. தொழுகிறவருடைய கவனம் மேற்கே மெக்கா திசையைக் காட்டும் கிப்லாச் சுவரில் இருக்க வேண்டும். அதனால் தூணில் அடங்கிப்போன சிற்பி, மேலே விதானத்தில் தன் முழு வித்தையையும் காட்டியிருக்கிறான். குவிமாடங்களின் உட்புறத்தை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வட்டத்துக்குள் வட்டமாகத் தாமரை இதழ்கள் நெருங்கி வருவது தெரியும். அடுத்த முறை போனால் கழுத்து வலிக்கும்வரை மேலே பாருங்கள், பிறகு வந்து சொல்லுங்கள்.

---

சித்திரக்கூடம் எழுதியது:

நான் கட்டடங்களை வரைகிறவள். ஜனவரியில் அலுவலக வேலையாக அகமதாபாத் போகிறேன், ஒரு காலைப் பொழுது கிடைக்கும். மூன்று கேள்விகள். பெண்களை உள்ளே விடுகிறார்களா? உட்கார்ந்து வரைந்தால் யாரும் ஆட்சேபிப்பார்களா? வெளிச்சம் எந்த நேரத்தில் நன்றாக இருக்கும்?

---

மணிநகர்வாசி எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் அகமதாபாத்திலேயே பிறந்தவன். தாத்தா காலத்தில் துணி ஆலை வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம். எங்களைப் போன்றவர்கள் மணிநகர் பக்கம் இன்னும் நிறையப் பேர் இருக்கிறோம்.

பெண்கள் தாராளமாகப் போகலாம், எந்த மதத்தவராக இருந்தாலும். தலையை மூடத் துப்பட்டா, முழங்காலுக்குக் கீழே இறங்கும் உடை, அவ்வளவுதான். தொழுகை நேரத்தில் மட்டும் கூடத்துக்குள் போகாமல் தாழ்வாரத்தில் காத்திருங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்த்துவிடுங்கள். வரைவதைப் பொறுத்தவரை வாசலில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருங்கள். தொழுகிறவர்களுக்கு முன்னால் உட்காராமல் தூண் ஓரமாக உட்கார்ந்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. மனிதர்களை வரைவதானால் கேட்டுவிட்டு வரையுங்கள்.

வெளிச்சத்துக்குக் காலைதான். கூடம் கிழக்கு நோக்கியது. காலை வெயில் நேராக முகப்பில் விழும், செதுக்கல் எல்லாம் எடுப்பாகத் தெரியும். மாலையில் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடும், முகப்பு நிழலாகிவிடும். ஜனவரி என்பதால் கல் சுடாது. ஏப்ரல், மே மாதம் நண்பகலில் அந்த முற்றத்தில் வெறுங்காலோடு நடப்பது பெரும் பாடு.

நகராட்சி நடத்தும் மரபு நடை ஒன்று இருக்கிறது. 1997-இல் தொடங்கியது. காலையில் காலுபூர் சுவாமிநாராயண் கோவிலில் ஆரம்பித்து, பழைய நகரத்தின் போள்கள் வழியாக, அதாவது பொது வாசல் வைத்த குடியிருப்புச் சந்துகள் வழியாக நடந்து, ஜாமா மசூதியில் முடிகிறது. மர வேலைப்பாடு கொண்ட வீடுகள், பறவைகளுக்குத் தீனி வைக்கக் கட்டிய கோபுரம் போன்ற மேடைகள் எல்லாம் வழியில் வரும். அவற்றைப் பார்த்துவிட்டு மசூதிக்குள் நுழைந்தால், மரத்தில் செதுக்கிய கையும் கல்லில் செதுக்கிய கையும் உறவு என்பது சொல்லாமலே விளங்கும். இந்தப் பழைய நகரத்தைத்தான் 2017-இல் யுனெஸ்கோ உலக மரபு நகரமாக அறிவித்தது. இந்தியாவில் அந்தப் பெயர் பெற்ற முதல் நகரம்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு நவஜீவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. காலுபூர்தான் பெரிய ரயில் நிலையம். மெட்ரோவில் வந்தால் கீகாண்டாவில் இறங்கி நடக்கலாம்.

---

உத்தரம் எழுதியது:

கட்டுமானத் துறையில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். கல்மண்டபம் ஐயா சொன்ன மெல்லிய தூண்கள் எப்படி அந்தக் குவிமாடங்களைத் தாங்குகின்றன என்பது முக்கியமான கேள்வி.

ஆப்பு வடிவக் கற்களை அடுக்கிக் கட்டும் உண்மையான வளைவும் குவிமாடமும் சுமையைக் கீழே மட்டும் இறக்குவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்கத் தடித்த சுவர் வேண்டும். குஜராத்துத் தச்சர்கள் குவிமாடத்தை அப்படிக் கட்டவில்லை. தூண்களின் மேல் உத்தரங்களை வைத்து எண்கோணம் ஆக்குகிறார்கள். அதன் மேல் வட்டமாக ஒரு வரிசை கல். அடுத்த வரிசை சற்று உள்ளே நீட்டி, அதற்கு அடுத்தது இன்னும் சற்று உள்ளே நீட்டி, கடைசியில் உச்சிக் கல். ஒவ்வொரு வரிசையும் படுக்கையாகவே இருப்பதால் சுமை பெரும்பாலும் நேராகக் கீழே இறங்குகிறது. அதனால் தூண் மெலிந்திருக்கலாம், நெருக்கமாக இருந்தால் போதும். இது கோவில் மண்டபங்களில் அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை.

முகப்பு வளைவு மட்டும் பக்கவாட்டில் தள்ளும். அதன் இரு பக்கமும் மினார்களின் கனத்த அடிப்பாகம் நிற்பது அழகுக்காக மட்டும் அல்ல. வளைவை இறுக்கிப் பிடிக்கும் முட்டுச் சுவர் வேலையையும் அதுவே செய்கிறது. 

தில்லி குத்புமினார் வளாகத்தில் இருக்கும் குவ்வத்துல் இஸ்லாம் மசூதியைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாக விளங்கும். 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய அதன் வளைவுத் திரை, பார்க்க வளைவாக இருக்கும். அருகில் போய்க் கல் அடுக்கைப் பார்த்தால் கற்கள் படுக்கை வரிசையிலேயே உள்ளே நீட்டிக்கொண்டு போகும். உண்மையான வளைவு தில்லியில் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில், சுல்தான் பால்பன் கல்லறையில்தான் தலைகாட்டுகிறது. அகமதாபாத்துக்கு வரும்போது இரண்டு கட்டுமான முறையும் கைவந்துவிட்டது. எங்கே எது வேண்டுமோ அங்கே அதை வைத்திருக்கிறார்கள்.

---

காவிரிமணல் எழுதியது:

எல்லோரும் அழகைப் பற்றியே பேசுகிறீர்கள். கசப்பான ஒன்றைக் கேட்கிறேன், சண்டைக்காக அல்ல. அந்தத் தூண்கள் கோவிலை இடித்து எடுத்தவை இல்லையா? எங்களை அழைத்துச் சென்ற வழிகாட்டி, நடு வளைவின் வாசலில் பதித்திருக்கும் கறுப்புக் கல் ஒரு சமணச் சிலையின் பீடம் என்றும் சொன்னார். இதைப் பேசாமல் "கலப்புக் கலை" என்று புகழ்வது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

---

கல்மண்டபம் எழுதியது:

கேட்க வேண்டிய கேள்விதான் காவிரிமணல். மழுப்பாமல் பதில் சொல்கிறேன்.

தில்லி குவ்வத்துல் இஸ்லாம் மசூதியின் கிழக்கு வாசலில், 27 கோவில்களின் கற்களைக் கொண்டு கட்டியதாகக் கட்டியவர்களே கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். அதில் விவாதத்துக்கு இடமே இல்லை. அகமதாபாத்திலும் பத்ரா கோட்டைக்கு அருகே 1414-இல் கட்டிய அகமது ஷா மசூதி இருக்கிறது. ஜாமா மசூதிக்கு முந்தியது. அங்கே கோவில் தூண்கள் இருப்பதை யாரும் கண்ணால் காணலாம். உடைப்பு நடந்தது, அது வலி தரும் வரலாறு. அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டடங்களைப் பேசக் கூடாது என்பதில் நான் உங்கள் பக்கம்.

ஆனால் கல்லையும் பார்க்க வேண்டும். பிடுங்கி வந்த தூண்களை வைத்துக் கட்டினால் அது காட்டிக்கொடுத்துவிடும். உயரம் ஒத்துவராது, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தூணை நிறுத்தி உயரத்தைச் சரிக்கட்டுவார்கள், பக்கத்துப் பக்கத்துத் தூண்களின் வேலைப்பாடு ஒட்டாமல் நிற்கும். தில்லியில் இதைப் பார்க்கிறோம். அகமதாபாத் ஜாமா மசூதியின் கூடமோ ஒரே திட்டத்தில், ஒரே அளவில், மூன்று தளத்துக்கும் கணக்குப் போட்டுக் கட்டிய வேலை. நெடும்பயணி குறையாகச் சொன்ன அந்த "ஒன்றுபோலவே இருக்கும் தூண்கள்"தான் இதற்குச் சாட்சி. அந்தக் கூடத்துக்கென்றே தச்சர்கள் உட்கார்ந்து செதுக்கியிருக்கிறார்கள்.

கறுப்புக் கல்லைப் பற்றிய கதையை வழிகாட்டிகள் சொல்கிறார்கள், கதையாகவே கேட்டுக்கொள்ளுங்கள். 1414 மசூதியில் கண்ணெதிரே தெரியும் தூணுக்குக் கதை தேவையில்லை. அது உண்மையாகவே அங்கே நிற்கிறது.

இன்னொரு செய்தி உங்களுக்குப் பயன்படலாம். மேற்கிந்தியத் தச்சர்களின் சமஸ்கிருத வாஸ்து நூல்களில் விருக்ஷார்ணவம் என்று ஒன்று இருக்கிறது, 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் மசூதி கட்டும் முறைக்கென்றே ஒரு பகுதி உண்டு. "ரஹ்மான பிராசாதம்" என்று அதற்குப் பெயர். கோவில் கட்டும் நூலில் மசூதிக்கும் இடம் கொடுத்து, இலக்கணம் வகுத்து எழுதியிருக்கிறார்கள் என்றால், அந்தத் தச்சர்கள் மிரட்டலுக்குப் பயந்து கல் சுமந்தவர்களாக மட்டும் இருந்திருக்க முடியாது. தங்கள் தொழிலின் ஒரு பகுதியாக அதை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இடித்த காலமும் கட்டிய காலமும் ஒரே நூற்றாண்டுக்குள் இருக்கின்றன. இரண்டில் எதை விட்டாலும் அரைக் கதைதான்.

---

காவிரிமணல் எழுதியது:

நிதானமாகப் பதில் சொன்னதற்கு நன்றி ஐயா. தூண்களின் உயரத்தை வைத்துப் பார்க்கும் முறை எனக்குப் புதிது. 1414 மசூதியையும் ஜாமா மசூதியையும் அடுத்தடுத்துப் பார்ப்பதுதான் சரி என்று தோன்றுகிறது. இரண்டுக்கும் நடக்கும் தூரம்தானே?

---

மணிநகர்வாசி எழுதியது:

நடக்கும் தூரம்தான். முதலில் அகமது ஷா மசூதி, பிறகு தீன் தர்வாசா வழியாக ஜாமா மசூதி என்று போனால் பத்து ஆண்டுகளில் அந்தத் தச்சர்களின் கை எங்கிருந்து எங்கே போனது என்பது தெரிந்துவிடும்.

---

கீழைக்கடல் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். கீழக்கரைக்காரன். வியாபார நிமித்தமாகச் சூரத், அகமதாபாத் பக்கம் அடிக்கடி போவதுண்டு. இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஊர் ஜும்ஆப் பள்ளிவாசல் 17-ஆம் நூற்றாண்டில், வள்ளல் சீதக்காதி காலத்தில் எழுந்தது. உள்ளே போனால் கல் தூணும் அதன் தலையில் போதிகையும் உத்தரமுமாக ஒரு திராவிட மண்டபத்துக்குள் நிற்பதுபோல்தான் இருக்கும். காயல்பட்டினத்திலும் அப்படிப்பட்ட பழைய பள்ளிகள் உண்டு. அந்தப் பள்ளியில் ஓதி வளர்ந்தவனுக்கு, அகமதாபாத்தில் முதன்முதலாக ஜாமா மசூதியின் உள்ளே நுழைந்தபோது புதிய இடமாகத் தோன்றவில்லை. மணற்கல்லும் போதிகையின் வடிவமும் வேறு. ஆனால் தூண்களுக்கு நடுவே ஸஃப்பில், அதாவது வரிசையில், நின்று தொழும் பழக்கம் எனக்கு ஊரிலேயே வந்துவிட்டது.

நான் சொல்ல விரும்புவது இதுதான்: கட்டடத்தைப் பார்க்க வருகிறவர்கள் அங்கே ஒரு தொழுகை முடியும்வரை தாழ்வாரத்தில் காத்திருங்கள். பிற்பகல் அஸர் தொழுகைக்குக் கடைக்காரர்கள் கடையைப் பக்கத்துக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு விரைந்து வருவார்கள். குளத்தைச் சுற்றி உட்கார்ந்து ஒளு செய்வார்கள். முற்றம் எதற்காக அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பது வெறும் முற்றத்தில் விளங்காது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் பெருநாளுக்கும் ஊரே வந்து நிற்பதற்கான அளவு அது. கூடத்தில் வடக்குக் கோடியில் உயர்த்திக் கட்டி, பின்னல் சாளரம் வைத்து மறைத்த பகுதி ஒன்று இருக்கிறது. அரச குடும்பத்துப் பெண்கள் தொழுவதற்கு என்று சொல்கிறார்கள். அதையும் தவறவிடாதீர்கள்.

நேரம் இருந்தால் சர்க்கேஜ் ரோஸாவுக்கும் போங்கள். நகரத்துக்குத் தென்மேற்கே இருக்கிறது. அகமது ஷாவுக்கு ஆன்மிக வழிகாட்டியாக இருந்த ஷேக் அகமது கட்டு அவர்களின் அடக்கத்தலம் அங்கே இருக்கிறது. பக்கத்துப் பள்ளிவாசலில் வளைவு முகப்பே கிடையாது. முற்றத்தில் நின்று பார்த்தால் தூணும் உத்தரமும் மட்டும் வரிசையாகப் போகும். எங்கள் ஊர்ப் பள்ளியை நினைத்து என் கண் கலங்கிய இடம் அது. பின்வந்த குஜராத் சுல்தான் மஹ்மூது பேகடா பெரிய குளமும் அரண்மனையும் எழுப்பி, அங்கேயே அடக்கமும் ஆனார். மழைக்காலம் முடிந்து குளத்தில் தண்ணீர் நிற்கும்போது போனால் படிக்கட்டுகளில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள்.

---

சித்திரக்கூடம் எழுதியது:

பாய், நீங்கள் எழுதியதைப் படித்தபின் என் திட்டத்தையே மாற்றிவிட்டேன். காலையில் ஜாமா மசூதி, மாலையில் சர்க்கேஜ். இடையில் சிதி சையத் மசூதியின் சாளரங்களைப் பார்த்துவிடலாமா? அதைத்தானே எல்லா அஞ்சலட்டைகளிலும் போடுகிறார்கள்?

---

கல்மண்டபம் எழுதியது:

கட்டாயம் பாருங்கள், வழியில்தான் இருக்கிறது, லால் தர்வாசா பக்கம். சிதி சையத் அபிசீனியாவிலிருந்து வந்த ஹப்ஷி வழியினர், குஜராத் சுல்தானியத்தின் பிரபுக்களில் ஒருவர். மசூதி 1572-73-இல் எழுந்தது. அக்பர் குஜராத்தைப் பிடித்ததும் அதே நேரத்தில்தான். சுல்தானியத்தின் கடைசி மூச்சு என்றே சொல்லலாம்.

பனையும் படரும் மரமும் பின்னிக்கொண்டு அரைவட்டம் முழுவதும் பரவும் அந்தச் சாளரம்தான் அகமதாபாத் ஐஐஎம் சின்னத்துக்கு மூலம். வரைகிறவர் என்பதால் ஒன்று சொல்கிறேன்: கிளையைத் தொடர்ந்து பென்சிலை ஓட்டிப் பாருங்கள். கிளைகள் ஒன்றை ஒன்று மேலும் கீழுமாகத் தாண்டுகின்றன. எந்த இடத்தில் எது மேலே என்பதைச் சிற்பி ஒரே பலகைத் தடிமனில் காட்டியிருக்கிறான். சாளரங்கள் சுவரில் உயரத்தில் இருப்பதால் வெளியிலிருந்தே நன்றாகத் தெரியும். ஜாமா மசூதியில் தூணும் உத்தரமும் ஆள்கின்றன என்றால், ஒன்றரை நூற்றாண்டு கழித்து இங்கே உள்ளே முழுவதும் வளைவுகள்தான். உத்தரம் ஐயா இதைப் பற்றி எழுதினால் நன்றாக இருக்கும்.

---

உத்தரம் எழுதியது:

எழுதுகிறேன், கொஞ்சம் நேரம் கொடுங்கள். அதற்குள் மினார்களைப் பற்றி ஒன்று. ஜாமா மசூதியின் மினார்கள் விழுவதற்கு முன்பு ஆடும் மினார்களாக இருந்தன என்று பழைய பயணக் குறிப்புகள் சொல்கின்றன. ஒன்றின் மேலே நின்று அசைத்தால் மற்றொன்றும் அதிருமாம். அவற்றை வீழ்த்திய 1819 நிலநடுக்கம் கட்ச் பகுதியில் தோன்றியது. ரண் பாலையில் தரையையே மேடாக உயர்த்திவிட்டது. அந்த மேட்டை அல்லாஹ் பந்த் என்கிறார்கள்.

அந்த வகை மினார்கள் இன்றும் நகரத்தில் இருக்கின்றன. சாரங்பூர் பக்கம் சிதி பஷீர் மசூதியின் இரட்டை மினார்கள் நிற்கின்றன. கோம்திபூரில் ராஜ் பீபி மசூதியின் மினார்களில் ஒன்றை, எப்படி ஆடுகிறது என்று கண்டுபிடிப்பதற்காக ஆங்கிலேயர் காலத்தில் பிரித்தார்கள். திரும்பச் சேர்க்க முடியவில்லை. இப்போது எதிலும் ஏற விடுவதில்லை, அது நல்லதே. ஒரு கட்டடத்தைப் புரிந்துகொள்ள அதை உடைத்துப் பார்த்தது அந்தக் காலத்தின் ஆணவம் என்றுதான் எனக்குப் படுகிறது.

மினார் என்றாலே ஏறுவதற்கு என்றும் நினைக்க வேண்டாம். அஸ்தோடியா பக்கம் ராணி சிப்ரி மசூதி இருக்கிறது, 1514. அதன் மினார்களுக்குள் படிக்கட்டே கிடையாது, முழுக் கல். மெலிந்து உயர்ந்து நிற்பதற்காகவே நிற்கின்றன. சிறிய மசூதி, கூட்டமில்லை. எனக்கு நகரத்திலேயே மிகப் பிடித்த கட்டடம் அதுதான்.

---

செம்மண்கோட்டை எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். குஜராத் வரை போக முடியாதவர்கள் கர்நாடகத்தில் கலபுரகி (குல்பர்கா) கோட்டைக்குள் இருக்கும் ஜாமா மசூதியைப் பாருங்கள். பாமனி சுல்தான்கள் காலம், 1367. முற்றமே கிடையாது, முழுவதும் கூரை போட்ட மசூதி. நடுவில் மெல்லிய தூண்களுக்குப் பதில் கனத்த கட்டைத் தூண்களும் அகன்ற வளைவுகளும். வெளிச்சம் பக்கவாட்டு வளைவுகள் வழியாக வருகிறது. அகமதாபாத்தில் மேலிருந்து இறங்கும் வெளிச்சமும் கலபுரகியில் பக்கத்திலிருந்து நுழையும் வெளிச்சமும் எப்படி வேறு என்பதை இரண்டையும் பார்த்தவர் யாராவது எழுதுங்களேன்.

---

நெடும்பயணி எழுதியது:

நான் இரண்டையும் பார்த்தவன். கலபுரகியில் கனத்த வளைவுகளே கண்ணை உள்ளே இழுத்துக்கொண்டு போயின, மேலே பார்க்கத் தேவை இருக்கவில்லை. அகமதாபாத்தில் அப்படி எதுவும் இழுக்கவில்லை என்றுதான் முதலில் எழுதினேன். கல்மண்டபம் ஐயா சொன்ன தோரணமும் விதானமும் என் படங்களில் இருக்கின்றனவா என்று தேடினேன். தோரணம் இருக்கிறது, நிழலில் பாதி தெரிகிறது. விதானத்தை நான் எடுக்கவே இல்லை. அடாலஜ் மீதான என் பற்று குறையவில்லை, ஒரே நாள் என்றால் இன்னும் அதைத்தான் சொல்வேன். இரண்டு நாள் இருந்தால் இழையில் சொன்ன வரிசையில் போகலாம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

---

மணிநகர்வாசி எழுதியது:

சித்திரக்கூடம் சகோதரிக்கு: கிழக்கு வாசல் வழியாக வெளியே வாருங்கள். அகமது ஷா கல்லறையைத் தாண்டினால் ராணி நோ ஹஜீரோ, அரசிகளின் கல்லறைகளைச் சுற்றித் துணியும் பூவேலைப்பாடும் விற்கும் கடைகள். பகலில் நகைக்கடை வீதியாக இருக்கும் மானேக் சௌக் இரவில் சாப்பாட்டுக் கடைகளாக மாறிவிடும், அதற்கு மாலை சர்க்கேஜிலிருந்து திரும்பி வாருங்கள். வரையும் தாளைக் கொஞ்சம் பெரிதாகக் கொண்டுவாருங்கள். நடுக் குவிமாடத்தின் மூன்று தளமும் சின்னத் தாளில் அடங்காது. வரைந்ததை இங்கே போடுங்கள், நாங்களும் பார்க்கிறோம்.